படமெல்லாம் சாஞ்சு வருது

பழைய கேமராவை ஆன்லைனில் விற்றுவிட்டு, அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்ததுதான் தாமதம், வாங்கியவளிடமிருந்து செய்தி வந்துவிட்டது. "அக்கா, படமெல்லாம் சாஞ்சு வருது."

கேமரா திரும்பி வந்தால் வரட்டும், அலமாரியில் இடமா இல்லை. இந்தச் செய்தி இவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டு விழா, பாஸ்போர்ட் என்று ஆயுசு முழுக்கப் படம் எடுத்தவர். தோள்வலி முற்றி, இனிமேல் பை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு கடையை மூடினார். லைட்டு போனது, ஸ்டாண்டு போனது, கடைசியில் கேமராவும் போனது. தொழிலில் இவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். "என் கையில ஒரு படம் சாஞ்சதில்ல." முடிவெட்டும் கடையில் சொல்வார். தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் அந்தத் தோளையே நீட்டிக்கொண்டு சொல்வார். காய்கறி வாங்கப் போனால் தராசைப் பார்த்தபடி சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு களை வரும். அதைப் பார்ப்பதற்காகவே பேசாமல் இருப்பேன்.

உண்மை என்னவென்றால், கடைசி சில வருஷங்களில் இவர் எடுத்த ஒவ்வொரு படமும் சாய்ந்தது.

கனமான பையை ஒரே பக்கம் சுமந்து சுமந்து அந்தத் தோள் இறங்கிப் போயிருந்தது. படம் எடுப்பது இவர் வேலை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறம் பார்த்து ஆல்பம் சேர்ப்பது என் வேலை. முதல் தடவை கவனித்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்து போனேன். அன்றைக்கென்று பார்த்து யாரோ வாடிக்கையாளர் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார். இவர் முகமெல்லாம் பல்லாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படத்தைக் கொஞ்சம் திருப்பி நேராக்கினேன். அந்த நாளை வரவே இல்லை. போகப் போக, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, படத்தைத் திறந்ததும் கை தானாகத் திருப்பிவிடும். இவர் அச்சாகி வந்ததைத்தான் பார்ப்பார். கேமராவின் குட்டித் திரையில் பார்த்தாலும் அதே கோணல் தோளோடு பிடித்துப் பார்ப்பதால் எல்லாம் நேராகத்தான் தெரியும். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெளியே கிளம்பும்போது காலரை இழுத்துவிடுவதில்லையா? அது மாதிரிதான் இதுவும்.

ஆக, புகாரை நானே ஓசைப்படாமல் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியவளின் பெயர் எனக்குத் தெரியாது. அந்த விற்பனைத் தளத்தில் அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நாலு சுவர்'. வாடகைக்கும் விலைக்கும் வருகிற வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். மூன்று படம் அனுப்பியிருந்தாள். கூடம், சமையலறை, படுக்கையறை. கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் தூங்கி வழிகிற ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. எனக்குப் பழக்கப்பட்ட அதே சாய்வு. பார்த்ததும் கை மௌஸைத் தேடியது.

"கேமரா நேரா இருக்கான்னு காட்ட உள்ள ஒரு கோடு வருதில்லக்கா," என்று எழுதியிருந்தாள். "சாஞ்சா சிவப்பு, நேரா இருந்தா பச்சை. பச்சை வந்ததும்தான் எடுக்கறேன். ஆனா படத்துல வீடு வழுக்கிட்டுப் போகுது. என் வீட்டுக்கு அஸ்திவாரம் இல்லைன்னு ஊருக்கே சொல்லப் போறியான்னு வீட்டு ஓனர் கேக்கறாரு."

இதுதான் எனக்குப் புரியவில்லை. கோணல் தோளால் வந்தது என்றல்லவா நினைத்திருந்தேன். தோள் இதோ, வீட்டு சோபாவில் சாய்ந்து செய்தித்தாள் படிக்கிறது. கோணல் மட்டும் கேமராவோடு எப்படிக் கிளம்பிப் போனது?

"கம்ப்யூட்டர்ல லேசாத் திருப்பிக்கோம்மா, ஒரு நிமிஷ வேலை," என்று பதில் போட்டேன்.

"திருப்பினா ஓரம் வெட்டுப்படுதுக்கா. சமையல்கட்டுல ஒரு ஜன்னலே போயிடுது. ஜன்னல் இல்லாத வீட்டுக்கு யாரு வருவா?"

போனால் போகிறது ஒரு ஜன்னல், இதற்கு என்ன இவ்வளவு பேச்சு என்றுதான் நினைத்தேன். அடுத்து என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, பால்கனியில் துணி எடுக்கப் போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கை நிறைய துணியோடு திரும்பி வந்தால், இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றார். மூக்கு விடைத்திருந்தது. "கேமரா பிடிக்கத் தெரியாதவ என் கேமராவக் கோணல்ங்கறா!"

"சின்னப் பொண்ணுங்க. நான் பேசிக்கறேன். குடுங்க."

"நீ பேசின லட்சணத்தைத்தான் படிச்சேனே. திருப்பிக்கோன்னு எழுதியிருக்கே! என் கேமராவுல எடுத்த படத்தைத் திருப்பவா? கேக்கறவன் சிரிக்க மாட்டான்?"

எனக்குத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. "வேண்டாம்னா திருப்பி வாங்கிக்கிட்டு பணத்தைக் குடுத்துடலாங்க. இதுக்குப் போய் எதுக்கு மல்லுக்கட்டறது?"

"பணமா இப்ப பெருசு? பேரும்மா, பேரு! நேர்ல போய்க் காட்டிட்டு வரலாம். கிளம்பு."

சொன்னதோடு நிற்காமல் அவளுக்குப் போன் போட்டு, அன்றைக்கு எங்கே வேலை செய்கிறாள் என்றும் கேட்டு வாங்கிவிட்டார். போகிற வழியில் 'சார் முன்னாடி எதுவும் பேசிடாதேம்மா' என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பலாம் என்று பார்த்தால், போன் இவர் சட்டைப் பையில். கேட்டால் எதற்கு என்பார். பேசாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அந்தப் பூசணிக்காயோடு பஸ்ஸில் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அது ஒரு காலி வீடு. புதுப் பெயிண்ட் வாசனை. தரையில் பெயிண்டர் விரித்த செய்தித்தாள்கள் இன்னும் ஓரமாகக் கிடந்தன. நாலு சுவர் என்பவளுக்கு எங்கள் பெண் வயதுதான் இருக்கும். துடைத்த தரையில் தடம் படக் கூடாதென்று வெறுங்காலோடு நடமாடிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள்.

"வாங்க சார், வாங்கக்கா. நீங்களே வருவீங்கன்னு எதிர்பார்க்கல. குறை சொல்றேன்னு நினைக்காதீங்க சார். கேமரா அருமையா இருக்கு, இந்த மட்டக் கோடு மட்டும்தான்…"

"குடும்மா இப்படி," என்றார் இவர்.

கேமரா கைக்குப் போனதும் ஆளே மாறிப்போனார். எத்தனை நாள் கழித்து அதைத் தொடுகிறார்! தோள்வலி எங்கே போனதோ. வலது கண்ணை ஒட்டவைத்து, மூச்சை அடக்கி, எதிரிலிருந்த கதவை ஒரு படம் எடுத்தார். "இப்ப பாரு."

அவள் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். கதவு சாய்ந்திருந்தது.

"கதவையே ஆசாரி சரியா மாட்டல," என்றார்.

சமையலறைக் கதவை எடுத்தார். அதுவும் சாய்ந்தது. தரை வாட்டமாக இருக்கிறது என்றார். ஜன்னலை எடுத்தார். கட்டடமே ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, இந்த வீட்டை யாருக்கும் விற்காதே, பாவம் வரும் என்றார். ஆடத் தெரியாதவளைப் பற்றிக் கொஞ்ச நேரம் முன்பு சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் முகம் சுளிக்காமல் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டத்தை எடுத்தாள். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதுதான். தரையில் வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. ஜன்னல் திட்டில் வைத்தாள். நடுவில் நின்றது. பிறகு கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, அதன் தலையில் ஃபிளாஷ் சொருகுகிற இடத்தில் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில் நின்றபோது கேமரா சிவப்புக் காட்டியது. பச்சை வருகிறவரை சாய்த்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது.

"யாரோ இந்த மட்டத்தை மாத்தி வெச்சிருக்காங்க சார்."

"யாரோ இல்ல, நான்தான்," என்றார் இவர் கம்பீரமாக. "நடுவுல திடீர்னு தப்பாக் காட்ட ஆரம்பிச்சுது. நான் நேரா நிக்கறேன், இது சிவப்பு காட்டுது. விடுவேனா? உள்ள போய்த் தேடினா, மட்டத்தைத் திருத்த ஒரு வழி இருந்துச்சு. நல்லா நேரா நின்னு, கேமராவ நேராப் பிடிச்சு, 'இதுதான் நேர், தெரிஞ்சுக்கோ'ன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் வாலைச் சுருட்டிக்கிட்டு பச்சை காட்டுச்சு."

அவள் இவர் தோளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த செய்தித்தாளில் ஏதோ முக்கியமான செய்தியைத் தேடினேன்.

நல்ல பெண். ஒன்றும் சொல்லவில்லை. ரசமட்டத்தை வைத்தே கேமராவின் மட்டத்தைத் திருத்திவிட்டு, "அவ்வளவுதான் சார், சரியாயிடுச்சு, சின்ன விஷயம்," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடலாம் என்று கையைக்கூடப் பிடித்துவிட்டேன்.

"ஒரே ஒரு படம் எடுத்துப் பாத்துடறேன். சார், அந்தக் கதவு பக்கத்துல நில்லுங்களேன்."

இவர் போய் நின்றார். அவள் எடுத்தாள். லேப்டாப்பில் படம் வந்தது. கதவு கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. பக்கத்தில் இவர் சாய்ந்திருந்தார்.

கிட்டே வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நான் நேராத்தானே நின்னேன்? இன்னொண்ணு எடும்மா." போய் நெஞ்சை நிமிர்த்தி, கையை ஒட்டவைத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைப்பாக நின்றார். எனக்குப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. இரண்டாவது படத்திலும் கதவு நேர், இவர் கோணல்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ, நான் அந்த மட்டத்தை வெச்சு எடுத்ததெல்லாம்? ஆல்பத்துல எல்லாம் நேரா இருந்துச்சே?"

நான் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஏம்மா, உன்னைத்தான் கேக்கறேன்."

"நான் திருப்பிடுவேங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். இவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "திருப்பினா ஓரம் வெட்டுப்படுதுன்னு எழுதியிருந்தியே, அது எவ்வளவு போகும்? காட்டும்மா," என்றார்.

அவளுக்கு எங்கள் கதை என்ன தெரியும்? முன்பு எடுத்த சமையலறைப் படத்தைத் திறந்து திருப்பிக் காட்டினாள். படம் நேராக நிமிர்ந்தது. நாலு மூலையிலும் வெற்றிடம் விழ, அதை மறைக்கக் கம்ப்யூட்டர் ஓரங்களை நறுக்கியது. ஜன்னல் காணாமல் போனது. இவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"போதும்மா," என்றார் கடைசியில். "நல்ல கேமரா. பத்திரமா வெச்சுக்கோ."

புகாரை எடுத்துவிடுகிறேன் என்று அவள் வாசல்வரை வந்து சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்த ஒரு வாக்கியமும் போய்விட்டதே, இனி இந்த மனுஷன் முடிவெட்டும் கடையில் எதைச் சொல்வார்? வாய்க்கு வந்ததைப் பேசினேன். யாருக்குத்தான் தோள் இறங்கவில்லை, அந்த டாக்டருக்கே ஒரு கால் குட்டை, கழுத்து வளையாத மனுஷன் உண்டா என்று ஏதேதோ உளறினேன். எதுவும் இவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"பாப்பா கல்யாணத்துல எல்லாரையும் நிக்க வெச்சு எடுத்தேனே," என்றார் திடீரென்று. "அதையும் திருப்பினியா?"

பாப்பா எங்கள் ஒரே பெண். அவள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் படமெடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, குடும்பப் படம் என்றதும் அந்த ஆளை ஓரம் கட்டிவிட்டுத் தானே எடுத்தவர் இவர். அந்தப் படம் பாப்பா வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. இரண்டு வீட்டு ஜனங்களும் அதில் இருக்கிறார்கள். வரிசையின் ஒரு கோடியில் நான் நின்றிருந்தேன். படத்தில் என்னுடையது ஒரு கை மட்டும் இருக்கிறது, யாருடையதோ மாதிரி.

"திருப்பினேன்."

"அப்போ உன்னை வெட்டினது?"

"நான்தான். அது ரொம்பவே சாஞ்சிருந்துச்சுங்க. திருப்பினா ஏதாவது ஒரு பக்கம் ஆள் போயாகணும். அந்தக் கோடில நின்னது மாப்பிள்ளையோட அத்தை. அவங்கள வெட்டிட்டு நாம அந்த வீட்டுப் படி ஏற முடியுமா? இந்தக் கோடில நான்தானே. என்னை யாரு தேடப் போறாங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அத்தையைப் பற்றி எது சொன்னாலும் சிரிப்பவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நான் தேடினேன்," என்றார்.

நான் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆல்பம் வந்த அன்னிக்குப் பாத்தேன். கட்டின பொண்டாட்டி எதிர்ல நிக்கறா, அவளை வெட்டி எடுத்திருக்கேன். எடுக்கும்போது உன்னைப் பாத்த ஞாபகம் நல்லா இருக்கு. யாரையோ பாத்துக் கத்திக்கிட்டிருந்தே. பாத்தும் விட்டிருக்கேன்னா, கண்ணு போச்சுன்னுதானே அர்த்தம்? நீ ஒரு வார்த்தை கேக்கல. சரி, என் மனசு நோகக் கூடாதுன்னு நீ விட்டுட்டதா நினைச்சேன். அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இன்னிக்கு யாரை வெட்டப் போறேனோன்னு பயம். தோள்வலி எனக்கு என்ன புதுசா? இன்னும் நாலு வருஷம் தூக்கியிருப்பேன். டாக்டர் வேண்டாம்னு சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு கடையை மூடிட்டேன்."

பாப்பா வீட்டுக்குப் போனால் இவர் அந்தப் படம் மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். இவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், தன் கண்ணையே நம்பாமல் இந்த மனுஷன் புழுங்கியிருக்கிறார். என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதை என் மேலேயே காட்டிக்கொள்ள முடியுமா?

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா நீங்க?" என்று கத்தினேன்.

"ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இவரும் கத்தினார்.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எங்கள் நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம்.

"நீ திருப்பாத படம் இருக்கா?" என்றார் நடந்துகொண்டே.

"எல்லாமே இருக்கு. எதையும் அழிக்கல."

அதற்குப் பிறகு இவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். நான் தேடி எடுக்கும்வரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெருமூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

படம் விரிந்தது. மண்டபமே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மாப்பிள்ளையின் அத்தை மேட்டில் நின்றாள், நான் பள்ளத்தில் நின்றேன். ஆனால் தலை முதல் கால்வரை முழுசாக நின்றேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு கை அகலத்துக்கு வெறும் சுவர் தெரிந்தது. வாயைத் திறந்து யாரையோ நேராக நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"இடம் விட்டுத்தான் எடுத்திருக்கேன்," என்றார். "பாரு, உனக்கு அந்தப் பக்கம் இடம் விட்டுத்தான் எடுத்திருக்கேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டேன்.